மூன்றாம் வகை ஆஸ்பத்திரி

மார்ச் 1974, செவ்வாய்

உதடு கிழிந்துவிட்டது. எழுதும்போதே நோட்டில் ரத்தம் சொட்டுகிறது.

காலையில் கடற்கரை ஆஸ்பத்திரியில் விற்பனைக்குத் தெர்மாமீட்டரும் சிரிஞ்சும் மட்டும் காட்டினேன். நான்கே கட்டில், எங்கள் கம்பெனிப் பட்டியலில் மூன்றாம் வகை. மூச்சூட்டும் கைப்பம்பை முதல் வகைப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குத்தான் காட்ட வேண்டும்.

மாலையில் ஆர்டர் வாங்கத் திரும்பப் போனேன். சங்கு குளிக்கக் கடலில் மூழ்கிய ஒருவன் பிணமாகக் கிடந்தான். டாக்டர் வாயால் ஊதிப் பார்த்தும் மூச்சு திரும்பவில்லையாம். வெறிபிடித்து நின்ற அவன் அண்ணன், வழியில் இருந்த என் பெட்டியை உதைத்தான். பம்பு வெளியே உருண்டது.

"ஏலே, இது என்னது?"

"மூச்சு நின்னவங்களுக்கு..."

முடிப்பதற்குள் முகத்தில் குத்தினான். மறுபடியும் குத்தினான். டாக்டர் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "காலையில இத ஏன் காட்டல?"

"நீங்க மூணாம் வகை, டாக்டர்."

டாக்டர் பிடியை விட்டுவிட்டார்.