கிழித்த ஓரத்தில் ஒரு கன்னம்

ஜூன் 11, செவ்வாய்

பிறந்தநாள் கார்டு ஆர்டர் பாதியில் நிற்கிறது. தங்கச்சிக்கு இன்று ஸ்கேன், அதனால் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பி, "இதோ நெத்தி, இதோ மூக்கு, பாருங்க பாருங்க" என்றார். பக்கவாட்டில் ஒரு முகம். ஐயோ, உதடுகூடத் தெரிகிறது! தங்கச்சி வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் என் பாட்டுக்கு, "எவ்ளோ அழகுடி, எவ்ளோ அழகு" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ஒரு காய்ச்சலில் இரண்டு கண்ணும் போனது அவளுக்கு. ஆபீசில் போன் எடுக்கிற வேலை, அங்கே மணிக்கணக்கில் பேசுவாள். இன்று பஸ்ஸில் வரும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"என் குழந்தையை எல்லாரும் பார்த்துட்டீங்க. நான் மட்டும்தான் பார்க்கல, இல்லக்கா?"

இறங்கும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 12, புதன்

ஸ்கேன் படத்தை அவளிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். கையால் கார்டு செய்து விற்பதுதானே என் தொழில். விரலால் தடவிப் பார்க்கிற மாதிரி ஒரு முகம் செய்யத் தெரியாதா எனக்கு? ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

ஜூன் 15, சனி

வெள்ளை அட்டையில் முகத்தைப் பசையால் கோடாக இழுத்து, மேலே ஜிகினா தூவிக் காயவைத்தேன். பார்க்க ஜோராக இருந்தது. பார்க்க! யார் பார்க்கப் போகிறார்கள்?

தங்கச்சி விரலை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள். "என்னக்கா இப்படிச் சொரசொரன்னு இருக்கு, பிள்ளைக்கு அம்மையா?" என்று சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 19, புதன்

புது அட்டை, புது பிளேடு. நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று என்று அளந்து வெட்டி, அடுக்கடுக்காக ஒட்டினேன். ஒரு பிசிறு கிடையாது. என் வெட்டைப் பார்த்து, "மெஷின்ல வெட்டினீங்களா?" என்று கார்டு கடைக்காரரே கேட்டிருக்கிறார்.

தடவினாள், தடவினாள், தடவிக்கொண்டே இருந்தாள். "படிக்கட்டு மாதிரி இருக்குக்கா. இதுல எது நெத்தி?"

வந்ததே கோபம்! அட்டையைப் பிடுங்கி நாலாகக் கிழித்து, மிச்சத் தாள் போடுகிற டப்பாவில் எறிந்தேன். "உனக்காகத்தானேடி நான் மாரடிச்சிட்டு இருக்கேன்!" பிள்ளையைச் சுமப்பவளிடம் கத்துகிற கத்தலா இது?

"நானா கேட்டேன்?" என்றாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஜூன் 21, வெள்ளி

அவளும் போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. அவளுக்கே அவ்வளவு ரோஷம் என்றால் எனக்கு எவ்வளவு இருக்கும்!

ஜூன் 23, ஞாயிறு

ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நின்றாள். நான் காபி போட உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறாள்.

"பிளேடு கிளேடு கிடக்கும், கையை எடுடி!"

எடுத்தாள். விரலுக்கு நடுவே ஒரு துண்டு. "அக்கா, இது கன்னம் மாதிரி இருக்கு."

அன்றைக்குக் கோபத்தில் நான் கிழித்த அட்டை. கண்ணை மூடிக்கொண்டு நானும் தடவினேன். வெட்டிய ஓரம் டக்கென்று முடிகிறது. கிழித்த ஓரமோ மெலிந்து, இறங்கி, எங்கே முடிந்தது என்றே தெரியாமல் முடிகிறது. முகமும் அப்படித்தானே? கன்னம் எங்கே முடிகிறது, மூக்கு எங்கே ஆரம்பிக்கிறது, யாருக்குத் தெரியும்? பிசிறு, பிசிறு என்று இத்தனை வருஷம் இதையா நான் தூக்கிப் போட்டேன்!

டப்பாவை அப்படியே தரையில் கவிழ்த்தோம். மெல்லிசு, தடிசு, சொரசொரப்பு, மொழுமொழுப்பு, எத்தனை விதம்! கடையில் கட்டாக வாங்கினால் எல்லாம் ஒரே தாளாக அல்லவா வரும். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள். "இது இமைக்கு வச்சுக்கோ. இது உதட்டுக்கு. சீ, இது வேணாம், பிளாஸ்டிக் மாதிரி வழுக்குது." காபி ஆறிப்போனது.

ஜூன் 30, ஞாயிறு

கிழிக்கிறேன், ஒட்டுகிறேன், பிரிக்கிறேன். பிளேடைத் தொடவே இல்லை. "ஆர்டரை விட்டுட்டு உங்க அக்கா குப்பை கிழிச்சுட்டு இருக்கா" என்று தங்கச்சிக்குப் போன் போட்டு வத்தி வைக்கிறார் என் வீட்டுக்காரர்.

ஜூலை 7, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

கார்டை அவள் மடியில் வைத்தேன். விரல் நெற்றியில் ஏறியது, இறங்கியது, மூக்கின் நுனியில் போய் நின்றது. அப்புறம் உதடு. மறுபடியும் முதலிலிருந்து. என் வீட்டுக்காரரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

மோவாய்க்குக் கீழே போனதும் விரல் நின்றுவிட்டது. "அக்கா, இங்க சின்னச் சின்னதா என்னமோ இருக்கே?"

"படத்துல அங்க வெள்ளையா ஏதோ திட்டு இருந்துச்சு. இருக்கிறபடியே ஒட்டினேன். என்னன்னு எனக்கும் தெரியல."

"அக்கா, விரலு! கையை மோவாய்ல முட்டுக்கொடுத்து வச்சிருக்கு!"

ஓடிப்போய்ப் படத்தை எடுத்துப் பார்த்தேன். ஆமாம்! விரல்! டாக்டரம்மா சொல்லவில்லை. இத்தனை நாள் உற்று உற்றுப் பார்த்த நான் வெறும் திட்டு என்றல்லவா நினைத்தேன்? யாருமே பார்க்காததை இவள் பார்த்துவிட்டாளே! அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் அழவில்லை, அந்த விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் என் வீட்டுக்காரரைக் கண்ணை மூடச் சொல்லி, அவர் விரலைப் பிடித்துத் தடவவைத்தாள்.

"ஏதோ மேடும் பள்ளமுமா இருக்கும்மா" என்றார் பாவம்.

"உங்களுக்குப் பார்க்கவே தெரியல மாமா. இங்க வாங்க, நான் காட்டறேன்."

அக்டோபர் 9, புதன்

காலையில் பிறந்துவிட்டாள். பெண். இருவரும் நலம்.

நர்சு பாப்பாவைத் துணியில் சுற்றித் தங்கச்சி மார்பில் கொண்டுவந்து வைத்தார். ஒரே ஒரு விரலை நீட்டி, நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். பாப்பாவின் அழுகை அடங்கியது.

"நெத்தி சரி. உதடு அப்படியே இருக்கு. மூக்குதான்க்கா, நீ ரொம்பக் கஞ்சத்தனமா வச்சுட்ட. தாள் பத்தலையா?"

படத்தில் அப்படித்தான் இருந்தது என்று சண்டைக்குப் போக வாயெடுத்தேன், போகவில்லை. பார்த்தவள் சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும்.