கவிழ்த்தவன்தான் நிமிர்த்த வேண்டும்

இன்று காலை அம்மா உன் டம்ளரில் காப்பி ஊற்றிக் குடித்துவிட்டார். அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்ததை எடுத்து, அலம்பி, நுரை பொங்க ஆற்றி, சன்னலோரம் உட்கார்ந்து நிதானமாகக் குடித்திருக்கிறார். நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், டம்ளர் நிமிர்ந்து நிற்கிறது, அடியில் காப்பி மண்டி. நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. "குடிக்கிற டம்ளர்தானே, வேற எதுக்கு?" என்று அம்மா கேட்டார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, போ.

தேக்கா கடைத்தெருவில் நாம் ஒரு சண்டைக்குப் பிறகு வாங்கியது அது. அப்போதெல்லாம் ஞாயிறு மதியம் ஆனால் பிடோக்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நீ, நான், முரளி, ஷாலினி என்று நாலு பேர். ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டி, எல்லாரும் சேர்ந்து சொல்கிற கதை விளையாட்டு. கதையை நடத்துகிற கேம் மாஸ்டர் நீ. பூன் லேயிலிருந்து அவ்வளவு தூரம் ரயிலில் சாவகாசமாக வருவாய், மேசையில் உட்கார்ந்ததும் காலில் சக்கரம் கட்டிக்கொள்வாய். என் ஆள் சந்தையில் யாரிடமாவது வாயைத் திறப்பதற்குள், "சரி, விடிஞ்சிடுச்சு, எல்லாரும் கோட்டை வாசல்ல நிக்கிறீங்க" என்பாய்.

ஒரு நாள் கதையில் என் ஆள் பத்து வருஷம் கழித்துத் தன் அண்ணனைப் பார்க்கிறாள். அண்ணன் கதவைத் திறந்தான், நீ எங்களை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டாய். பகடையைத் தூக்கி வீசினேன். "கதை உன்னோடது, சரி. அவ என்னோடவ. அவ பேசி முடிச்சாளா இல்லையான்னு நான்தான் சொல்லணும்" என்றேன். இழுத்தால் கதை செத்துவிடும் என்றாய் நீ. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தேக்காவில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே சமாதானம் பேசி, அப்படியே பாத்திரக் கடைக்குள் நுழைந்தோம்.

அன்றிலிருந்து நம் மேசைக்கு ஒரு சட்டம். காட்சி யாருடையதோ அவர் முன்னால் டம்ளர் இருக்கும். அவர் அதைக் கவிழ்க்கும்வரை காட்சி ஓடும், கேம் மாஸ்டர்கூட வெட்டக் கூடாது. கவிழ்த்துவிட்டால் அவரே நிமிர்த்தும்வரை வேறு யாரும் அந்தக் காட்சியைத் தொடக் கூடாது. மற்றவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போடாத குறைதான். நீ முணுமுணுத்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டாய்.

அப்புறம் உனக்கு உடம்புக்கு முடியாமல் போனது. இத்தனை பேரைத் தலைக்குள் வைத்துக் கதை நடத்த முடியவில்லை என்று அந்த வேலையை என்னிடம் தள்ளிவிட்டு, முதல்முறையாக நீயும் ஒரு வேடம் எடுத்தாய். என்ன வேடம்? ஆற்றில் ஆள் கடத்திவிடும் படகுக்காரக் கிழவி. அவள் மீன் வாங்கிய கதையைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஒரு மதியம் முழுக்க மீன் வாங்கினாய்டா! நான்தான் மீன்காரி. செவுளைத் திறந்து காட்டச் சொன்னாய், எந்தப் பக்கத்து மீன் என்று விசாரித்தாய், மீன்காரியின் மருமகளைப் பற்றிக்கூடக் கேட்டாய். முரளி மேசையில் தலையைச் சாய்த்துவிட்டான். இழுத்தால் செத்துவிடும் என்றவன் எங்கே போனான் என்று உன்னைச் சீண்டினேன். வீங்கிய கையால் டம்ளரைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

ஆஸ்பத்திரி வார்டுக்கும் அந்த டம்ளர் வந்தது. எப்போது ஊசி, எப்போது சோறு, எப்போது விளக்கணைப்பது, எல்லாம் மற்றவர்கள் முடிவு. உன் பெரியப்பா வந்து, யாரோ சொன்ன பச்சிலைச் சாறு பற்றி ஆரம்பித்தார். மனசைத் திடமாக வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார், திரும்பத் திரும்ப. நீ ஒரு வார்த்தை பேசாமல் சாப்பாட்டுத் தட்டு மேல் டம்ளரைக் கவிழ்த்தாய். அவருக்கு எப்படிப் புரியும்? எனக்குப் புரிந்தது. "அங்கிள், போதும். கிளம்புங்க" என்றேன். உன் வீட்டில் இன்னும் சிலர் என்னைக் கண்டால் திரும்பிக்கொள்கிறார்கள். திரும்பிக்கொள்ளட்டும். அந்த அறையில் உன் கையில் மிச்சமிருந்த ஒரே அதிகாரம் அது. யார் வந்திருந்தாலும் கிளப்பியிருப்பேன்.

கடைசி ஆட்டமும் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான். முரளியின் ஆளும் ஷாலினியின் ஆளும் கரையில் காத்திருக்கிறார்கள், பின்னால் சிப்பாய்கள் துரத்தி வருகிறார்கள். உன் கிழவி கயிற்றை அவிழ்த்து, ஒரு காலைப் படகில் வைத்தாள். அங்கே டம்ளரைக் கவிழ்த்தாய். "இப்படியே நிக்கட்டும். அடுத்த வாரம் நான் எடுக்கிறேன்." டம்ளரைப் பத்திரமாக எடுத்துப் போகச் சொன்னாய். கவிழ்த்தபடியே மடியில் வைத்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிடோக் வரை ரயிலில் வந்தேன். எதிர் இருக்கையில் இருந்த ஒரு பெண்மணி உள்ளே ஏதோ பூச்சி இருப்பதாக நினைத்திருக்க வேண்டும், காலைத் தூக்கிக்கொண்டார். அடுத்த வாரம் நீ இல்லை.

இன்று மதியம் முரளியும் ஷாலினியும் வந்தார்கள். காப்பி சமாச்சாரம் தெரிந்ததும் முரளி தொண்டையைக் கனைத்துக்கொண்டான். அவன் மனசில் ஏற்கெனவே ஒரு முடிவு வைத்திருந்தான். கிழவி எல்லாரையும் அக்கரை சேர்த்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்து, சிப்பாய்களை மறித்து, படகோடு ஆற்றில் மூழ்கிவிடுகிறாள். ஷாலினி கேட்டு அழுதுவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"அம்மாவே நிமித்திட்டாங்க. இன்னும் எவ்ளோ நாளைக்கு லா? அவனுக்கு ஒரு நல்ல முடிவு குடுப்போம்" என்றான்.

அம்மா ஆட்டத்தில் இல்லை என்றேன். நீயே இருந்திருந்தால் எப்போதோ வெட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பாய் என்றான் அவன். கேம் மாஸ்டராக இருந்த உன்னைச் சொல்கிறான். மீன் வாங்கிய உன்னை மறந்துவிட்டான். நான் விடவில்லை.

"அவனைக் கேக்காம ஒரு தடவை முடிச்சாச்சு முரளி. இன்னொரு தடவை இந்த மேசையில நடக்காது."

ஷாலினி டிஷ்யூவால் டம்ளரைத் துடைத்து, மேசை நடுவில் கவிழ்த்து வைத்தாள். ஆற்றைக் கடக்காமல் மலைப் பாதையாகச் சுற்றிப் போனால் எத்தனை நாள் பிடிக்கும் என்று என்னைக் கேட்டாள். ரொம்ப நாள், சோறும் பத்தாது, குளிரும் கொல்லும் என்றேன். முரளி என்னை முறைத்துப் பார்த்தான். பிறகு பகடையை எடுத்தான். முதல் உருட்டிலேயே அவன் ஆளின் கழுதை பள்ளத்தில் விழுந்தது. "எல்லாம் அவனால" என்று உன்னைத் திட்டினான், நீ அங்கேயே உட்கார்ந்திருப்பதுபோல.

நாளை தேக்கா போய் அம்மாவுக்கு வேறொரு டம்ளர் வாங்கிவிடுவேன். இது மறுபடி அலமாரிக்குப் போகும், கவிழ்ந்தபடி. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுவும் இந்தப் பிடிவாதமும்தான், இரண்டையும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நாங்கள் சுற்றியே போகிறோம். கிழவி ஒரு கால் கரையிலும் ஒரு கால் படகிலுமாக நிற்கட்டும். யாராவது கேட்டால், அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.