நிரோஷாவின் பெயருக்கு வந்த பதில்

ஜூன் 7, சனி

விடியலிலிருந்து சாரல். பத்து மணிக்குக் கொஞ்சம் வெளித்தது. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது ஆறு பேர் குறைவு. குடைக்கம்பி முறிந்துவிட்டது. வாங்க வேண்டியவை: குடை, இருமல் பாணி, மெழுகுதிரி. தைக்கக் கொடுத்த என் வீட்டுக்காரி ஸ்டெல்லாவின் செருப்பு ஹட்டனில் மூன்று வாரமாகக் கிடக்கிறது. அதற்குத் தினமும் ஏச்சு.

மத்தியானம் கல்லூரிப் பெண்களின் முதல் கால்பந்து ஆட்டம், நம் மைதானத்தில். யோகுவின் மரக்கறி லொறியில் இருபது பேர், லீக்ஸ் நாற்றத்தோடு. ஸ்டெல்லா வாசலில் நின்று: "அம்பத்தி ரெண்டு வயசுல பந்து பாக்கக் கெளம்பிட்டாரு கணக்கப்பிள்ளை. தோட்டத்துல பேரு கூப்பிட்டது பத்தாதுன்னு அங்கயும் போயிக் கூப்பிடணுமாம்."

கூப்பிடத்தான் வேண்டும். போன வருடம் யோகு விளையாட்டாக ஆரம்பித்து வைத்த வழக்கம். "ஐயா, தெனம் வெள்ளனையே லயத்து ஆளுங்களப் பெரட்டுக்களத்துல நிறுத்திப் பேரு கூப்பிடுறீங்க. இந்தப் புள்ளைங்களையும் கூப்பிடுங்க, எல்லாம் வந்திருக்கா பாப்போம்." மேட்டில் நின்று பதினொரு பெயரையும் கூப்பிட்டேன். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் முழுக்க "வந்தாச்சு!" என்றது. அன்று ஜெயித்தோம். அதிலிருந்து பெரட்டு இல்லாமல் ஆட்டம் இல்லை.

இன்று முதல் பெயர் மேனகா. கோல் காக்கிறவள், அணித் தலைவி. "வந்தாச்சு!" அடுத்தது சுகன்யா என்று சீட்டில் இருக்கிறது. சீட்டைப் பார்க்காமல் கூப்பிட்டேன். வாயில் வந்தது நிரோஷா.

போன வருட வரிசை நாக்கில் ஒட்டிக் கிடந்திருக்கிறது. கூட்டமும் பழக்க தோஷத்தில் "வந்தாச்சு!" என்று ஒரே குரலில் கத்திவிட்டது. அப்புறம்தான் எல்லாருக்கும் உறைத்தது. நிரோஷா ஓடை வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்ப் பதினொரு மாதம். மைதானத்தில் ஒரு பிள்ளை அசையவில்லை. மிச்சப் பெயர்களை எப்படியோ முடித்தேன்.

2–0, வெற்றி. திரும்பும்போது யோகு: "பேரு கேட்டதும் நிரோஷா வந்து தன் எடத்துல நின்னுட்டா ஐயா. அவளத் தாண்டி ஒரு பந்து உள்ள வந்துச்சா, சொல்லுங்க பாப்போம்!" லொறியில் யாரும் சிரிக்கவில்லை. குடை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

மூடுபனி. பெரட்டுக்களத்தில் முகம் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் குறித்தேன்.

நிரோஷாவின் அம்மா பரமேஸ்வரி என் பெரட்டில்தான் நிற்கிறாள். (இனி ப. போதும். முழுப் பெயரும் எழுதக் கை வரவில்லை.) தினமும் அவள் பெயரைக் கூப்பிடுகிறேன், தினமும் தலையைத் தூக்காமல் குறித்துக்கொள்கிறேன். பதினொரு மாதமாக இதே பிழைப்பு. சனிக்கிழமை சங்கதி அவள் காதுக்குப் போயிருக்குமா? சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில் எது மறைந்திருக்கிறது?

களத்து ஓரம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது, நான் கேட்டது: "செத்தவளக் கூப்பிட்டாங்களாம்." "நல்லபடியாச் செத்தவளா? அந்த மழையில அந்தக் குறுக்குப் பாதையில அவளுக்கு என்ன வேல? எவன் வரச் சொன்னானோ." "சும்மா கெட, அம்மாக்காரி நிக்கிறா."

இது புதுசு இல்லை. போன வருடத்திலிருந்தே இந்தப் பேச்சு உண்டு. வாயைப் பொத்துங்கடி என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். குனிந்து பெயர்ப் புத்தகத்தைப் பார்த்தேன். அதில் என்ன இருக்கிறது பார்க்க?

ஜூன் 14, சனி

கினிகத்தேனையில் ஆட்டம். வெயில், வியர்வை. நம் ஆட்களுக்கு அந்தச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை.

இன்றைக்குத் தவறக்கூடாது என்று சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டேன். மேனகா. "வந்தாச்சு!" மூச்சு இழுத்தேன், சுகன்யா என்று சொல்ல. சொல்வதற்கு முன்னால், அந்த ஒரு மூச்சு இடைவெளியில், மறுபடி "வந்தாச்சு!"

நான் கூப்பிடவில்லை. சத்தியமாகக் கூப்பிடவில்லை. பதில் மட்டும் வந்தது.

யார் ஆரம்பித்தது என்று யோகுவைக் கேட்டேன். "நான் இல்ல ஐயா. எனக்கு முன்னாடி யாரோ சொன்னாங்க, நானும் சொல்லிட்டேன்." பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன், அவளும் அதையேதான் சொன்னாள். எல்லாருக்கும் முன்னாடி யாரோ. ஆட்டம் 1–1.

மேட்டுக்குக் கீழே தேத்தண்ணிக் கடைக்காரர் சிங்களத்தில் கேட்டார், போன வருடம் பின்னால் நின்று ஆடிய அந்த உயரமான பிள்ளை எங்கே, இந்த வருடம் காயமா என்று. ஆமாம், காயம் என்றேன். சீக்கிரம் சுகமாகட்டும் என்றார். அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் காசு வைத்துவிட்டு வந்தேன்.

ஆட்டம் முடிந்து மேனகா மேட்டுக்கு ஏறி வந்தாள். "அங்கிள், அவ பேரை விடாதீங்க. நீங்க கூப்பிடாதப்போ பதில் மட்டும் கேக்கிறதுக்குத்தான் பயமா இருக்கு."

ஜூன் 17, செவ்வாய்

நாள் முழுக்க மழை. தோட்டத்துத் துரை கொழும்பு போயிருக்கிறார். ஆபீசில் நான் மட்டும். எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் வெடித்துவிடும்.

போன வருடம் ஜூலை, அரையிறுதி. முதல் நாள் பெரட்டு முடிந்ததும் ப. வந்து நின்றாள். "ஐயா, நாளைக்கு லீவு வேணும். புள்ள வெளையாடுது." தேயிலைக் கொழுந்து பொங்கிக் கிடந்தது, எடுக்க ஆள் இல்லை. "ஒனக்குக் குடுத்தா ஊரே பந்து பாக்கக் கெளம்பிரும், போ போ" என்றேன். அவளை விரட்டிவிட்டு நான் போனேன். அவள் பெற்ற பிள்ளை ஆடுவதைப் பார்க்க நான்!

நிரோஷா அன்று ஆடிய ஆட்டம். மெடல் கொடுத்தார்கள். ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி, "அம்மா வரலியா ஐயா?" "வேலைம்மா" என்றேன். முகம் சுண்டிப்போயிற்று.

யோகுவின் லொறி அன்று பழுது. பஸ்சில்தான் வந்தோம், கால் வைக்க இடம் இல்லை. அவளும் நானும் கதவோரம். எனக்கு உள்ளே உறுத்தல். அதை மறைக்கப் பெரிய மனுஷத்தனம். தோட்டத்து முதல் வளைவு வந்ததும் நான்தான் சொன்னேன்: "அம்மா இப்ப மடுவத்துல கொழுந்து நிறுத்துக்கிட்டு நிப்பா. இங்கயே எறங்கு. குறுக்கால ஓடிப்போயி மெடலக் காட்டு." எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். குதித்து ஓடினாள்.

மழை பெய்துகொண்டிருந்தது. குறுக்குப் பாதையில் ஓடை உண்டு. மழைக்கு அது எப்படிப் பெருகும் என்று இருபத்தெட்டு வருடமாக இந்தத் தோட்டத்தில் இருக்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் நினைக்கவில்லை.

பொலிஸ் கேட்டபோது, பிள்ளை தானாக இறங்கிப் போனாள் என்றேன். இரண்டாம் தடவை யாரும் கேட்கவில்லை. அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் லயத்தில் எவனோ வரச் சொன்னான் என்ற பேச்சு வந்திருக்குமா? வரச் சொன்ன எவனும் இல்லை. போகச் சொன்னவன் நான்.

இந்தப் புத்தகத்தை மேசையில் வைக்கக்கூடாது. பூட்ட வேண்டும்.

ஜூன் 21, சனி

அரையிறுதி, கந்தப்பளை அணியோடு, நம் மைதானத்தில். மூன்றரைக்கே மூடுபனி இறங்கிவிட்டது. எதிர்ப்பக்கத்துக் கோல் தெரியவில்லை. பந்தை உதைக்கிற சத்தம் மட்டும்.

நிரோஷாவின் பெயரையும் கூப்பிட்டேன். மேனகா சொன்னதற்காக மட்டும் இல்லை. பதில் முந்திக்கொண்டு வந்துவிடுமோ என்ற பயத்தில் வேகமாகக் கூப்பிட்டேன்.

ஆள் எண்ணுவது எனக்குக் கைவந்த தொழில். பனி விலகின நேரம் நம் நீலச் சட்டைகளை எண்ணினேன். பன்னிரண்டு. மறுபடி எண்ணுவதற்குள் மூடிவிட்டது. அடுத்த தடவை விலகியபோது பதினொன்று. யோகுவிடம் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே தேங்காய் உடைப்பான்.

பெனால்டியில் ஜெயித்தோம், 4–3. எல்லாரும் குதித்தார்கள். நான் மறுபடி நீலச் சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 25, புதன்

மழை விட்டு வெளிப்பு. கொழுந்து பரவாயில்லை. ஸ்டெல்லாவின் செருப்பு ஒருவழியாக வந்தது. அதிலும் ஒரு வார் தைக்காமல்.

பெரட்டு முடிந்து எல்லாரும் மலைக்குப் போன பிறகு ப. மட்டும் நின்றாள். "ஐயா, சனிக்கிழம லீவு வேணும்."

"போயிட்டு வா" என்றேன், அவள் வாயை மூடுவதற்கு முன்னால்.

"எதுக்குன்னு கேக்கலியே."

அவளே சொன்னாள். "எம்புள்ள பேரக் கூப்பிடுறீங்களாமே. வந்தாச்சுன்னு பதில் வருதாமே. வீட்டுல நான் கூப்பிட்டுப் பாத்துட்டேங்கய்யா. வெளக்கு வச்சிட்டுக் கூப்பிடுவேன், சோறு போடுறப்பக் கூப்பிடுவேன். ஒண்ணும் வரல. அங்கதான் வர்றா போல. ஒரு தடவ வந்து கேட்டுட்டுப் போறேன்."

லொறியில் முன் சீட்டு தருகிறேன் என்றேன். கேடுகெட்டவன், முன் சீட்டு தருகிறேனாம்.

ஜூன் 28, சனி

இறுதி ஆட்டம். நுவரெலியா. பளிச்சென்று வெயில், எலும்பைத் துளைக்கிற காற்று. ப. கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையில் வந்தாள். யோகு கொடுத்த பணிஸ் ரொட்டியைத் தின்னாமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

மேட்டில் இரண்டு பக்கமும் கூட்டம். மேனகா. "வந்தாச்சு!" பிறகு என் தொண்டையில் இருந்த அத்தனை பலத்தையும் கூட்டி "நிரோஷா!" என்றேன். மேடே அதிர்ந்தது. "வந்தாச்சு!"

ப. எழுந்து நின்றாள். கையை நெற்றிக்கு மேல் வைத்து மைதானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "எங்க ஐயா?"

"என்னம்மா?"

"வந்தாச்சுங்கிறாங்களே. எங்க நிக்கிறா?"

சீட்டை யோகுவின் கையில் திணித்தேன். மிச்சப் பெயர்களை அவன் கூப்பிட்டான். நான் புல்லில் உட்கார்ந்து ப.க்கு எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், வளைவு, மெடல், நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் அழவில்லை.

"மழ பேஞ்சுக்கிட்டு இருந்துச்சே ஐயா."

"ஆமா. நெனைக்கல."

"அப்ப அவ மடுவத்துக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தாளா? என்னப் பாக்கவா?"

"ஒன்னப் பாக்கத்தான். வேற எதுக்கும் இல்ல."

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "லயத்துல என்னென்ன சொன்னாங்க தெரியுமா? நானும் நம்பிட்டேன் ஐயா. எவனையோ தேடிப் போனான்னு பெத்தவ நானே நம்பி, அவ படத்தத் திருப்பி வச்சிட்டேன். சோறு போட்டுக் கூப்பிடுறதும் நான், திட்டுறதும் நான். அவ எப்பிடி வருவா?"

காலில் விழப்போனேன், காலை இழுத்துக்கொண்டாள்.

"எங்காதுல மட்டும் சொன்னாப் பத்தாது. திங்கக்கெழம பெரட்டுல சொல்லுங்க. எல்லாரும் நிக்கையில." எழுந்து பெண்கள் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

1–0, கோப்பை நமக்கு. யார் அடித்தது என்று யோகுவிடம் கேட்டு எழுதுகிறேன்: சுகன்யா. திரும்பும்போது ப. பின்னால் ஏறிக்கொண்டாள், மற்றப் பெண்களோடு.

ஜூன் 29, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்கவில்லை. "பதினோரு மாசம். பக்கத்துலதான் இருந்தேன்." அப்புறம், "நாளைக்குச் சொல்லப் போறீங்களா?"

"வேலை போகும். பொலிஸ் வரும். இந்த வீட்ட விட்டு எறங்க வேண்டியிருக்கும்."

"அத நான் கேக்கல."

தனியாகப் பூசைக்குப் போனாள். மதியம் சாப்பாடு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பயமாக இருக்கிறது. நூற்றுப் பத்துப் பேர் முகத்தை எப்படிப் பார்ப்பது? சட்டை துவைத்துப் போட்டேன், காயவில்லை.

ஜூன் 30, திங்கள்

சாரல். ஈரச் சட்டைதான்.

பெரட்டுக்களத்தில் வழக்கம்போல முதலிலிருந்து கூப்பிட்டேன். கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன், பொய் எதற்கு. எழுபது பெயர் போயிற்று. பரமேஸ்வரி. பதில் இல்லை. பார்த்தேன். மூன்றாவது வரிசையில் கூடையைக் காலடியில் வைத்து நிற்கிறாள். மறுபடி கூப்பிட்டேன். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை என் ஒரு குரலுக்கு மேடே பதில் சொன்னது. இன்று உயிரோடு நிற்கிறவளிடமிருந்து ஒரு சத்தம் இல்லை.

புத்தகத்தை மூடினேன். சொன்னேன். லீவு மறுத்தது, பஸ்சிலிருந்து நான் இறக்கிவிட்டது, பொலிசிடம் பொய் சொன்னது. "அந்தப் புள்ள எவனையும் பாக்கப் போகல. அவ அம்மாவப் பாக்கப் போச்சு. நான்தான் அனுப்பினேன்." இரண்டு தடவை நிறுத்தினேன். யாரும் உதவிக்கு வரவில்லை. அன்று வம்பு பேசியவள் மழைக்குத் தலையில் போட்டிருந்த கொங்காணியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

முடித்ததும் மூன்றாவது தடவையாகப் பரமேஸ்வரி என்று கூப்பிட்டேன். கூடையைத் தலையில் மாட்டினாள். என்னைத் தாண்டி மலைப் பாதையில் ஏறினாள். நான் இன்னும் யாரையும் வேலைக்கு அனுப்பவில்லை. அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் களம் வெறும் களம். பெயர்ப் புத்தகத்தில் இன்னும் குறிக்காத நாற்பது பெயர் இருந்தது.