வேம்பார்க் கூடத்தின் ஒரே அடுப்பு

பதிவு 31. செவ்வாய்ச் சுற்றுப்பாதை, கணிப்பு நிலையம். மே 2, காலை 07:10

நிலையத்தில் எல்லாம் சரி. காற்று சரி. காப்பிதான் சரியில்லை.

இதைப் படிக்க நேர்பவருக்கு: என் பெயர் ரெமிஜியுஸ். கீழே செவ்வாயில் மக்கள் வாழும் கூடங்களின் குடும்ப வருமானத்தை மாதந்தோறும் கணிப்பது என் வேலை. ஒரு கூடத்தின் குடும்பங்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம்தான் இடைநிலை வருமானம். அது ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் அந்தக் கூடத்துக்குக் காற்று இலவசம். மேலே போனால் காசு கட்டித்தான் மூச்சு விட வேண்டும். யாரும் என்னைத் தனியாகக் 'கவனித்து'விடக் கூடாதே என்று பயந்து, ஒற்றை ஆளாக மேலே ஏற்றிவிட்டார்கள்.

சில கூடங்களில் பதில் தருவோர் குறைவு. அப்போது போன மாதங்களின் எண்ணையும் பக்கத்துக் கூடங்களின் எண்ணையும் கலந்து இயந்திரமே ஒரு கணிப்பைச் சொல்லும். விருந்தாளி வந்தால் சாம்பாரில் தண்ணீர் விடுவது மாதிரிதான்.

பதிவு 32. மே 3, காலை 09:25

வேம்பார்க் கூடம் திகைக்க வைக்கிறது. பத்து ஆண்டுகளாக நானூற்றைத் தாண்டாத இடம். இந்த மாதம் இரண்டாயிரம்! மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். அதே எண்.

அங்கே வீடு வீடாகக் கணக்கெடுப்பவள் என் அக்கா பிரகாசி. அத்தான் போன பிறகு இரண்டு பெண்பிள்ளைகளோடு அல்லாடுகிறவள். அவளுக்கும் நல்ல காலம் வந்துவிட்டது என்று துள்ளிக் குதித்தேன். எடையில்லாத இடத்தில் குதித்தால் தலை கூரையில் இடிக்கும். இடித்தது. முத்திரை வைத்துக் கீழே அனுப்பிவிட்டேன்.

பதிவு 34. மே 9, பகல் 11:40

அக்காவின் குரல் வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

“ஏலே ரெமி, என்னலே பண்ணி வச்சிருக்க? காத்துக்குத் துட்டு கட்டணுமாம்லா! நாங்க எங்க போயி பணக்காரங்க ஆனோம்? தனித்தனியா ரூம் வச்சிக்கிட முடியலன்னுதான் போன மாசம் அஞ்சஞ்சு வீடாச் சேந்து ஒரே அடுப்புல பொங்கித் திங்கோம். உள்ளத உள்ளபடி எழுதுனேன். அது தப்பாலே?”

தப்பில்லை அக்கா. விதி அப்படி. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். பூமியிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த வரையறை. ஐந்து வீட்டுச் சம்பளத்தை ஒரு வீட்டின் தலையில் கட்டினால் எண் ஏறாமல் என்ன செய்யும்? இல்லாமையால் ஒன்றாகக் கூடியவர்களை வசதியானவர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

பதிவு 36. மே 14, மாலை 04:05

நபர்வாரியாகப் பிரித்துக் கணிக்கும் வழி ஒன்றை எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினேன். பதில்:

“வரையறையை மாற்றினால் அறுபது ஆண்டு ஒப்பீடு கெட்டுவிடும். தங்கள் கவலை குறித்துக்கொள்ளப்பட்டது. அடுத்த கணிப்பில் பார்க்கலாம்.”

பார்க்கலாமாம்! யார் உயிரோடு இருந்து பார்ப்பது?

உடனே அடுப்புகளைப் பிரித்துவிடச் சொல்லி அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். அவள் சொன்னது:

“தனி அடுப்புன்னா தனி ரூம் தொறக்கணும். ரூமுக்கு ரூம் காத்து ஏத்தணும். அதுக்குத்தாம்லே துட்டு இல்ல. இருந்த ரூமையும் அடைச்சிட்டு எல்லாரும் பெரிய ஹாலுக்கு வந்துட்டோம். இருநூறு வீட்டுக்கும் இனிமே ஒரே அடுப்புதான். பொய் எழுதச் சொல்லாத, பரிசோதிக்க ஆளு வருவான். இருக்க காத்தையும் புடுங்கிருவான்.”

பதிவு 37. மே 17

கை சும்மா இருக்கவில்லை. கணக்குப் போட்டேன். இருநூறு வீடு, ஒரே அடுப்பு. அடுத்த கணிப்பில் வேம்பாரின் வருமானம் எண்பதாயிரம். செவ்வாயிலேயே பெரிய பணக்காரக் கூடம். சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. முகத்தைத் தொட்டால் ஈரம்.

நானூறு என்று நானே அடித்துப் பார்த்தேன். அக்காவின் களப்பதிவோடு பொருந்தவில்லை என்று இயந்திரம் தள்ளிவிட்டது. மறுபடி அடித்தேன். மறுபடி தள்ளியது. திரையைக் குத்தினேன். கை வீங்கியதுதான் மிச்சம்.

பதிவு 38. மே 19. நேரம் பார்க்கவில்லை

அக்கா: “சின்னவளுக்கு மூச்சு வாங்குது. நீ ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாத. பேசுனா காத்து செலவாவுதுன்னு சொல்லுதாவ. வைக்கேன்.”

நிலையத்தின் காற்று உருளைகளை எல்லாம் கழற்றி இறங்கு கலத்தில் ஏற்றிவிட்டேன். திருட்டுத்தான். வேலை போகட்டும். எத்தனை நாளைக்கு வருமோ தெரியாது. கலம் இறங்கத்தான் செய்யும், ஏறாது. பரவாயில்லை. அக்கா, கதவைத் திற. வந்துகொண்டே

பதிவு 39. ஜூன் 1, காலை 06:00. தானியங்கிப் பதிவு

கணிப்பாளர் நிலையத்தில் இல்லை. கணிப்பு தடையின்றி நடைபெற்றது.

வேம்பார்க் கூடம்: குடும்பங்கள், ஒன்று. வருமானம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். காரணம்: கணிப்பாளர் ரெமிஜியுஸ் தற்போது அந்த அடுப்பில் சாப்பிடுவதாகக் களப்பதிவு. அவருடைய சம்பளம் சேர்க்கப்பட்டது. இலவசக் காற்று: தேவையில்லை.

பக்கத்துக் கூடங்கள் இரண்டில் பதில் தந்தோர் குறைவு. விதிப்படி வேம்பாரின் எண் கலக்கப்பட்டது. இரண்டும் ஆயிரத்தைத் தாண்டின.

அங்கும் இலவசக் காற்றை நிறுத்தும் ஆணை அனுப்பப்பட்டது.