நான்கில் ஒரு துண்டு

அண்ணா,

டாக்டரின் மேசையில் இருந்த பொம்மைதான் முதலில் என் கண்ணில் பட்டது. நான்கு துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து, நடுவில் ஒரு துளை. அவர் கீழ்ப்பக்கத்தை விரலால் விரித்தார், துளை திறந்தது.

"இதயத்தோட செல்லுல இந்த மாதிரி வாசல் நிறைய இருக்கும்மா. ஒவ்வொரு துடிப்புக்கும் இது திறந்து பொட்டாசியத்தை வெளியே விட்டாதான் இதயம் ஓய்வெடுக்கும். நாலுல ஒரு துண்டு கோணலானாக்கூட வாசல் சரியா வேலை செய்யாது. அப்போ திடீர்னு சத்தம் கேட்டா துடிப்பு தாறுமாறாயிடும்," என்றார். ஒன்பதாவதோடு நின்ற எனக்கே புரிந்தது.

அக்காவுக்கு இருந்தது அதுதான். எனக்கும் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன்.

வேலைக்கு நேரமாகிவிடும் என்று அவள் கேட்டதால்தான் அலாரத்தைத் தலைமாட்டில் வைத்தேன். அது அடித்தது, அவள் எழுந்திருக்கவே இல்லை. "அந்தச் சனியனை ஏன்டி காதுகிட்ட வச்சே?" என்று கத்திவிட்டுப் போன நீ இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அவள்தான் கேட்டாள் என்று அன்று நான் சொல்லவில்லை.

இது கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாமாம். "டெஸ்ட்டுக்கு உன் அண்ணன் வருவாராம்மா?" என்று நர்ஸ் கேட்டார்.

"வருவான்," என்றேன். சனிக்கிழமை பத்து மணிக்கு உன் பெயரைப் பதிந்துவிட்டேன்.

உன் ஊமைக்கோட்டான்