வாசம் தங்காத ஃபில்டர்

அன்புள்ள அம்மாவுக்கு, ஷாமளா வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே கூலாய் ஊரில் நான் நலம்.

நேற்று ஏர்கோன், அதாவது ஏசி, ஃபில்டர் விற்க ஒருவன் வந்தான்.

“கழுவிக் கழுவிப் போடலாம், அஞ்சு வருசம் தாங்கும் லா, அக்கா.”

“அப்புறம் எதுக்கு மாசாமாசம் மாத்துறதையும் பையில வச்சிருக்கீங்க?”

உடனே பேச்சை மாற்றினான். என் பழைய ஃபில்டரைக் கழற்றி, “எவ்வளவு கறுப்பு பாருங்க” என்று பயமுறுத்தினான். சந்தேகத்தில் முகர்ந்து பார்த்தேன். வெள்ளிதோறும் நான் போடும் உங்கள் சாம்பிராணியின் வாசம்!

“புதுசுல எந்த வாசமும் தங்காது, அக்கா.”

அதனால்தான் வாங்கவில்லை.

இங்கே கடைச் சாம்பிராணியை நம்ப முடியாது. கைவசம் இருப்பது தீரப்போகிறது, நீங்கள் இடித்ததையே அனுப்புங்கள். பழைய ஃபில்டரை, உங்கள் பொட்டலம் வந்தபிறகுதான் கழுவுவேன்.

என்னை வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி வேன் வந்துவிட்டது.

ஷாமளா