ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள்

கூட்ட அறையின் சுவரில் உன் கட்டைவிரல் முழ நீளத்துக்குத் தெரிந்தது. புரொஜெக்டரில் பெரிதாகிப்போன படம் அது: மந்தாரை இலையில் ஒரு துண்டு கோயில் இட்லி, இலையின் ஓரத்தைப் பிடித்திருக்கும் விரல். இணையத்தில் உனக்கு இருக்கும் முகம் அவ்வளவுதான். பெயரும் உன்னுடையது இல்லை. இட்லி வேகும் மூங்கில் கூடையின் பெயரை உனக்கும் நீ எழுதிய நிரலுக்கும் வைத்துக்கொண்டாய், 'குடலை' என்று. செவிலிமேட்டு மாடி அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் அது நீ என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நாம் சேர்ந்து வேலை பார்த்த காலத்தில் கட்டிக்கொண்டு அழுதோமே, நெசவாளர் மருத்துவ அட்டைக்கு ஒப்புதல் தரும் அந்தப் பழைய இணையச் சேவை, அது இன்னும் சாகவில்லை. கம்பெனி மாறி, ஒப்பந்தம் மாறி, இப்போது எங்களிடம் வந்திருக்கிறது. அது பேசும் மொழி புதிய மென்பொருள் எதற்கும் புரிவதில்லை. நடுவில் நின்று மொழிபெயர்க்க ஒரு லைப்ரரி, யாராவது முன்பே எழுதிவைத்த நிரல், வேண்டும். தேடும் பொறுப்பு ஷபானாவுடையது. எங்கள் அலுவலகத்தில் எதையும் படித்துவிட்டுப் பேசும் ஒரே ஆள் அவள்.

"இது ஒண்ணுதான் சார் இருக்குது. ஓப்பன் சோர்ஸ். ஆனா இதுல கை வச்சே ரொம்ப நாள் ஆயிட்சி. கேள்வி கேட்டவங்க யாருக்கும் பதில் வரல."

"பிரச்சினை இல்ல, அதான் கை வைக்கல. நல்ல விஷயம்தானேமா?" என்றார் மேலாளர்.

"முதல் வரியிலயே 'புதிதாக யாரும் இதை எடுக்க வேண்டாம்'னு அவரே எழுதி வச்சிக்கிறார் சார்."

"தன்னடக்கம்மா. பெரிய ஆளுங்க அப்படித்தான்."

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அவரு செத்துட்டாரு சார். என் ஃப்ரெண்டுதான்" என்றேன்.

மேலாளர் மனிதத்தன்மை இல்லாதவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். "அடடா. லைசென்ஸ் எப்படி?"

"யாரு வேணா எடுத்துக்கலாம்னு இருக்குது சார்" என்றாள் ஷபானா, என்னைப் பார்க்காமல்.

"அப்ப அவரு செத்ததுல நமக்குத் தடை ஒண்ணும் இல்லியே?"

அந்த இட்லிப் படத்தை எடுத்தவன் நான். கோயிலுக்கு வெளியே, மதில் நிழலில். மிளகைக் கடித்துவிட்டு, "இந்தக் கோயில் இட்லிக்கு வெர்ஷன் நம்பரே கிடையாது, பாத்தியா" என்று சொல்லிச் சிரித்தாய். அதே நாள் பிள்ளையார்பாளையத்தில் உன் வீட்டுக்குப் போனோம். உன் அண்ணி தறிக்குப் பின்னால் உட்கார்ந்து, தீர்ந்துபோன பாவின், அதாவது தறியின் நீளவாட்டு நூல்களின், நுனிகளோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கி இணைத்துக்கொண்டிருந்தார். நான் வாய் பிளந்து நின்றேன்.

"இன்னா தம்பி அப்படிப் பாக்கறீங்க? ஒங்க கம்ப்யூட்டர்ல இது வராதா?"

"வரும் அண்ணி. உங்க கொழுந்தன் பண்ணிக்கினு இருக்கான்."

"அவனா? அவன் இழை தொட்டா அறுந்துடும்."

வெளியே வந்ததும், "அண்ணி பண்றதைத்தான் நானும் பண்றேன்டா. பழைய பாவு புதுசைத் தறியோட அச்சுப் பல்லு வழியா இழுத்துக் குடுக்கும். இழுத்து முடிச்சதும் அந்தப் பிணைப்பை வெட்டிப் போட்ருவாங்க. புடவைல அது இருக்கக் கூடாது" என்றாய். அன்று அதை லைப்ரரி என்றுகூடச் சொல்லவில்லை.

பிறகு, நீ நோயில் விழுந்தபோது, மருத்துவமனைக் கவுன்ட்டர். உன் குடும்பத்து நெசவாளர் மருத்துவ அட்டையைத் தேய்த்த பெண், "சர்வர் பிசிண்ணா, உக்காருங்க" என்றாள். திரையில் வட்டம் சுற்றியது.

"அது பிசி இல்லமா, அதுக்கு வயசாயிட்சி" என்றாய். நாற்காலியில் நிமிர்ந்து உட்காரக்கூட உனக்கு முடியவில்லை. என்னிடம் திரும்பி, "நம்ம குடலைதான்டா நடுவுல நிக்குது. இன்னும் வெட்டிப் போடல பாத்தியா. விடாம கேட்டுக்கினே இருக்கும், பொறு" என்றாய். நமக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நின்றிருந்தது. ஒருவர் மனைவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ அவரைப் பார்த்தாய். அதன் பிறகு நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை.

ஒப்புதல் வந்தது. மருத்துவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நீ போனதற்கு அந்தச் சேவையின் மேல் பழி போட வழியில்லை. போட முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்று மாலை படுக்கையிலிருந்து, சலைன் ஏறும் கையாலேயே, அந்த முதல் வரியை எழுதினாய். நீ எழுதியதில் கடைசி வரியும் அதுதான். இப்போது அதற்குத் தன்னடக்கம் என்று பெயர்.

வேண்டாம் என்று நான் எழுத்தில் கொடுத்தேன். புதிதாக ஒன்று எழுதிக்கொள்வோம், காலம் பிடித்தாலும் பரவாயில்லை, கெட்டுப்போனால் திருத்த ஆள் இருக்கும் என்று. ஷபானாவும் கையெழுத்திட்டாள். மேலாளர் இரண்டு முறை படித்தார். "நல்லா எழுதிக்கிறீங்க" என்று பாராட்டிவிட்டு உன்னுடையதை ஏற்றுக்கொண்டார். படிவத்தில் 'பராமரிப்பாளர் நிலை' என்ற இடத்தில் 'தற்போது தொடர்பில் இல்லை' என்று எழுதச் சொன்னார். பொய் என்று சொல்ல முடியாது. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆளாக என் பெயரைப் போட்டார்.

ஒரே ஒரு சடங்குதான் பாக்கி. எழுதியவருக்கு முறைப்படி மடல் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று கொள்ளப்படும். "சார், அவரு..." என்றேன். "தெரியும்பா. ப்ரொசீஜர்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

அதனால்தான் எழுதுகிறேன். நீ இருந்தபோது எழுதியிருக்க வேண்டிய மடலை ஒரு படிவம் கேட்டு எழுத வைத்திருக்கிறது.

திங்கட்கிழமை ராகு காலம் கழிந்து உன் பிணைப்பைப் புடவைக்குள் வைத்து நெய்யப்போகிறோம். ஏதோ ஒரு நாள் அது அறுந்துவிடும். ஏதோ ஒரு கவுன்ட்டரில் வட்டம் சுற்றும், யாரோ யாரையோ தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள். என் போன் அடிக்கும். உன் எழுத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, நீ ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பேன்.

அந்த இட்லிப் படத்தில் விரலை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிப் போட்டாயே, அந்த முழுப் படம் என்னிடம் இருக்கிறது. வாய் நிறைய இட்லியோடு, எடுக்காதே என்று இன்னொரு கையை நீட்டியிருக்கிறாய். கூட்டத்தில் அதைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அதையும் சம்மதம் என்றிருப்பார்கள்.

யார் கேட்டாலும் அன்றே பதில் போடுகிறவன் நீ. இன்று புதன்கிழமை.